சக்கரம் இருக்கும் இடம்

"ஓட்டத் தெரியாதவன் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்." இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

சின்ன விமானம் ஒன்று தரையைத் தொடும். கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். பிறகு என்ன நினைத்துக்கொள்ளுமோ, திடீரென்று ஒரு பக்கம் திரும்பி, பம்பரம் போல ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கை நுனி தரையில் தேய, புழுதிக்குள் நின்றுவிடும். இந்த மாதிரிப் படங்களை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். எங்கள் சங்கரன்கோவிலில் ஓய்வூதியர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இதுவும் கைமாறும். பார்த்து முடிப்பதற்குள் தீர்ப்பும் வந்துவிடும். மேலே சொன்ன வாக்கியம்தான் தீர்ப்பு. கூடவே ஒரு கொசுறும் வரும்: "அந்தக் காலத்து ஆட்கள் ஓட்டியதே இந்த வால் சக்கர விமானத்தைத்தான். அவன் விமானி. இப்போது இருப்பவன் பஸ் டிரைவர்."

பஸ் டிரைவரைக் கேவலமாக நினைக்கிறவர்களிடம் வேறு ஒரு நாள் பேசிக்கொள்கிறேன். இன்றைக்கு விமானம்.

நான் விமானி இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். அந்தப் படிப்பால் இந்தப் பக்கத்து ஊர்களில் எனக்குக் காசுக்குப் பிரயோஜனம் இருந்ததில்லை. ஆனால் சில சொற்களை இரண்டு மொழியில் வைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. விமானம் தரையில் இப்படிச் சுற்றிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் லூப்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெவால் த ப்வா' என்பார்கள். நேர்ப்பொருள் மரக்குதிரை. ராட்டினத்தில் சுற்றுகிறதே, அந்த மரக்குதிரை. ஆடித்தபசுக்கு வந்து பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் உடனே புரியும். ராட்டினக் குதிரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து, "ஏண்டா, உனக்குக் குதிரை ஓட்டத் தெரியவில்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. குதிரை சுற்றுவது அச்சினால் என்று எல்லோருக்கும் தெரியும்.

விமானத்திலும் பாதிக் கதை அதுதான். அச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வால் சக்கர விமானத்தில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம். மூன்றாவது சக்கரம் சின்னது, வாலின் அடியில். நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விமானத்தின் எடை மையம் அந்தப் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. வினை இதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் டிராக்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவதைப் பாருங்கள். முன்னால் போகும்போது டிரெய்லர் பசுவின் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி தானாக வரும். அதையே ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சாண் கோணினால் அடுத்த நொடி ஒரு முழம் கோணும். ஓட்டுகிறவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நொடிக்கு நொடி ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டும். இழுக்கப்படுகிற எடை தானே நேராகும். தள்ளப்படுகிற எடை தானே கோணும். வால் சக்கர விமானம் தரையில் ஓடுவது இந்த இரண்டாவது ரகம். முன்னால் இருக்கிற சக்கரங்கள் தரையைப் பிடிக்கின்றன. பின்னால் இருக்கிற எடை முந்திக்கொண்டு போகப் பார்க்கிறது. மூக்கு கொஞ்சம் திரும்பிவிட்டால் அந்த எடை பக்கவாட்டில் வந்து, திரும்பியதை இன்னும் திருப்புகிறது. மூக்குச் சக்கர விமானத்தில் இதற்கு நேர் எதிர்: பெரிய சக்கரங்கள் எடை மையத்துக்குப் பின்னால் இருக்கின்றன. கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் எடை முன்னால் இழுத்து நேராக்கிவிடும்.

இதோடு விடவில்லை. பறக்கும்போது வாலில் இருக்கிற சுக்கானுக்குக் காற்றின் பலம் உண்டு. இறங்கி வேகம் குறையக் குறைய அந்தப் பலம் வடிந்துகொண்டே போகும். சுக்கான் செத்து, பிரேக்கும் வால் சக்கரமும் முழுசாகப் பொறுப்பேற்காத இடைவேளை ஒன்று உண்டு. விமானம் சுற்றிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். பக்கவாட்டில் காற்று அடித்தால் இன்னும் மோசம். வாலில் செங்குத்தாக நிற்கும் தகட்டைக் காற்று தள்ளும்; மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். இது போதாதென்று, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும்படி இறக்கும்போது தூக்கி நிற்கிற மூக்கு எதிரே இருக்கும் ஓடுபாதையை மறைத்துவிடும். விமானி இரு ஓரங்களையும் பார்த்துத்தான் நேராகப் போகிறோமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் விமானம் மூக்கில் குத்தி நிற்கும்.

நல்ல வேளையாக, அந்த நேரத்தில் வேகம் குறைவு. பெரும்பாலும் ஆள் எழுந்து நடந்து வந்துவிடுவார். இறக்கை நுனி, சக்கரக் கால், புரொப்பெல்லர் இவற்றுக்கான செலவும், வாழ்நாள் முழுக்கத் தொடரும் அந்த ஒரு வாக்கியமும்தான் மிச்சம்.

சரி, இப்படி ஒரு அமைப்பை ஏன் செய்தார்கள்? செய்தவர்கள் முட்டாள்களா? இல்லை. அதுதான் இதில் சுவாரஸ்யம். விமானம் வந்த முதல் காலத்தில் விமானத்தளம் என்றால் ஒரு பெரிய புல்வெளி. ஓடுபாதை என்று ஒரு கோடு கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிராகப் பார்த்து இறங்குவார்கள். குறுக்குக் காற்று என்ற பேச்சுக்கே அங்கே இடம் குறைவு. வாலில் சக்கரம்கூடக் கிடையாது, ஒரு கட்டைதான். அது மண்ணைக் கீறிக்கொண்டே வந்து வாலைப் பிடித்து வைக்கும். பிரேக் வேலையையும் அதுவே பார்க்கும். கரடுமுரடான தரையில் புரொப்பெல்லர் உயரமாக இருப்பது நல்லது. முன்னால் ஒரு கனமான சக்கரக் கால் இல்லாததால் எடையும் குறைவு. அந்தத் தரைக்கு அந்த விமானம் பொருத்தமானதே. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு வந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் வாலைத் தரையில் ஊன்றி நிற்கும் பஸ் மாத் விமானத்தில்தான்.

பிறகு தார் வந்தது, கான்கிரீட் வந்தது. ஓடுபாதை ஒரே கோடாக, ஒரே திசையில் கிடந்தது. காற்று எங்கிருந்து வந்தாலும் அந்தக் கோட்டில்தான் இறங்க வேண்டும். மண்ணைக் கீறிப் பிடித்த கட்டை போய், வழுக்கிக்கொண்டு ஓடும் சின்னச் சக்கரம் வந்தது. விமானம் அப்படியே இருந்தது. தரை மாறிவிட்டது. ஆனால் குற்றச்சாட்டு மட்டும் தரை மேலும் விழவில்லை, சக்கரத்தின் மேலும் விழவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர் மேல் விழுந்தது.

அமேலியா இயர்ஹார்ட் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகைச் சுற்றக் கிளம்பிய அவருடைய லாக்ஹீட் எலெக்ட்ராவும் வால் சக்கர விமானம். 1937 மார்ச் 20-ஆம் தேதி ஹவாயின் லூக் ஃபீல்டில் கிளம்பி ஓடும்போதே அது சுற்றிக்கொண்டு நொறுங்கியது. கலிபோர்னியாவுக்குக் கப்பலில் அனுப்பிப் பழுது பார்த்து, திசையை மாற்றிக் கிழக்கு நோக்கிக் கிளம்பினார். ஜூன் மாதம் கராச்சி, கல்கத்தா வழியாகப் போனார். ஜூலை 2-ஆம் தேதி பசிபிக்கில் காணாமல் போனார். ஹவாயில் நடந்தது டயர் வெடித்ததாலா, அந்த அம்மாளின் கைப்பிழையாலா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஒரு டயரோ ஒரு கையோ கொஞ்சம் பிசகினால் அதைப் பத்து மடங்காகப் பெருக்கிக் காட்டுகிற அமைப்பு அது என்பதை மட்டும் அந்த விவாதத்தில் சத்தம் போட்டுச் சொல்ல ஆளில்லை.

பிரச்சினை தீர்ந்தது எப்படி? விமானிகளைத் திட்டியதால் தீரவில்லை. சக்கரத்தை மாற்றியதால் தீர்ந்தது. அமெரிக்காவில் பைப்பர் கம்பெனி தன் பேஸர் விமானத்தின் வால் சக்கரத்தை எடுத்துவிட்டு மூக்கில் வைத்து, 1951-ல் டிரை-பேஸர் என்று விற்றது. செஸ்னா கம்பெனியின் 170 வால் சக்கரம். அதையே மூக்குச் சக்கரமாக்கி 1956-ல் 172 என்று கொண்டுவந்தார்கள். 'லேண்ட்-ஓ-மேட்டிக்' என்று விளம்பரம் வேறு. தானாகவே இறங்கிவிடும் என்கிற மாதிரி! விளம்பரம் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ஜனங்கள் எதை வாங்கினார்கள் என்று பாருங்கள்: 172 இதுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகத்திலேயே அதிகம் செய்யப்பட்ட விமானம் அதுதான். 1955-ல் இருந்த விமானிகள் எல்லோரும் 1956-ல் திடீரென்று கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்களா என்ன? மனிதன் அதே மனிதன். சக்கரம்தான் இடம் மாறியது.

நம் நாட்டிலும் இதே வரிசைதான். பெங்களூரில் டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-ல் பறந்தது. வால் சக்கரம். பறக்கும் கிளப்புகளுக்கென்று செய்த புஷ்பக் 1958-ல் பறந்தது. அதுவும் வால் சக்கரம். ஒரு தலைமுறை இந்திய விமானிகள் இவற்றில்தான் கற்றார்கள். விமானப்படையில் எச்.டி.-2-க்குப் பதிலாக 1980-களில் வந்த எச்.பி.டி.-32 மூக்குச் சக்கரம் உள்ளது. இப்போது பயிற்சிப் பள்ளிகளில் நீங்கள் பார்க்கிற செஸ்னாக்களும் டயமண்டுகளும் மூக்குச் சக்கரம்தான்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூக்குச் சக்கரம் சர்வரோக நிவாரணி இல்லை. எச்.பி.டி.-32-க்கு இன்ஜின் தொல்லை வந்து 2009-ல் பறப்பதை நிறுத்தினார்கள். மூக்குச் சக்கர விமானத்தைத் தரையில் குதிக்கவிட்டு முன்காலை ஒடித்துக்கொள்கிற மாணவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு குணம். அந்தக் குணத்தைக் கேட்டறிந்து எழுதிவைப்பதுதான் விசாரணை. ஆள் பெயரை மட்டும் எழுதிவைப்பது விசாரணை ஆகாது.

அலுவலகக் கோப்புகளோடு ஆயுளைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் எப்போதும் ஒரு வரி அகலம்தான் இருக்கும். ஒரு வரியில் அடங்கக்கூடிய காரணம் 'கவனக்குறைவு' ஒன்றுதான். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாடிப்படியின் கடைசிப் படி மற்றப் படிகளைவிட இரண்டு விரற்கடை உயரம் குறைவு. வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் அங்கே விழுவார்கள். ஒருமுறை டீ கொண்டுவந்த பையன், ஒருமுறை கண்காணிப்பாளர், ஒருமுறை ஓய்வூதிய மனுவோடு வந்த ஒரு விதவை. ஒவ்வொரு தடவையும் எழுதியது 'கவனக்குறைவு'. எல்லாக் கவனக்குறைவும் ஏன் ஒரே படியில் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வேறு ஏதோ வேலைக்கு வந்த கொத்தனார் ஒருவர் அரைச் சட்டி கலவை போட்டு அந்தப் படியைச் சமன் செய்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை அங்கே யாரும் விழவில்லை. ஊழியர்கள் எல்லோரும் ஒரே நாளில் கவனசாலிகள் ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது!

"அப்படியானால் ஆள் மேல் தவறே கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. 2010-ல் மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில் கேப்டன் இறங்குவதைக் கைவிட்டு மேலே போயிருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. அது உண்மை. ஓடுபாதை முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு இருந்ததும் உண்மை. 2020-ல் கோழிக்கோட்டிலும் விமானம் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிக் கீழே விழுந்துதான் 21 பேர் போனார்கள். முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைக்கிறபோதுதான் எனக்குக் கோபம் வருகிறது. இறந்துபோன கேப்டன் பதில் சொல்ல மாட்டார். பள்ளத்தாக்கும் பதில் சொல்லாது. ஆனால் பள்ளத்தாக்கின் விஷயத்தில் நாம் ஏதாவது செய்ய முடியும்.

இனி அந்தக் கொசுறுக்கு வருகிறேன். 'வால் சக்கரம் ஓட்டியவன்தான் விமானி.' இதைச் சொல்பவர்களில் விஷயம் தெரிந்தவர்களும் உண்டு. அவர்கள் வாதம் இது: வால் சக்கர விமானம் கால்களுக்கு வேலை கற்றுத்தரும், சோம்பேறித்தனத்தை மன்னிக்காது, அதில் கற்றவர் எதையும் ஓட்டுவார். கால் வேலை பற்றிச் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பயிர்களுக்கு மருந்தடிக்கும் விமானங்கள் பல இன்றும் வால் சக்கரத்தோடுதான் இருக்கின்றன. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்துக்கு வேண்டும். ஆனால் கற்றுக்கொடுப்பது வேறு, தண்டித்துச் சோதிப்பது வேறு. அமெரிக்காவில் 1991-லிருந்து ஒரு விதி இருக்கிறது. வால் சக்கர விமானத்தைத் தனியே ஓட்டவேண்டும் என்றால், அதற்கென்று பயிற்சி பெற்று, பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். குறுக்குக் காற்றில் இறக்குவதும் அந்தப் பயிற்சியில் அடங்கும். எவ்வளவு மரியாதையான விதி பாருங்கள்! இந்த இயந்திரம் வேறு மாதிரி, இதைத் தனியாகக் கற்க வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. 'ஆம்பிளையாக இருந்தால் ஓட்டிக் காட்டு' என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஆம்பிளை என்றதும் நினைவுக்கு வருகிறது. உஷா சுந்தரம் என்று ஒரு அம்மாள் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். கணவர் சுந்தரமும் விமானி. இருவரும் டக்கோட்டா ஓட்டியவர்கள். அது வால் சக்கரம். 1951-ல் இங்கிலாந்திலிருந்து 'டவ்' விமானம் ஒன்றை இருவருமாக 27 மணி நேரத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து சாதனை செய்தார்கள். டவ் மூக்குச் சக்கரம். டக்கோட்டாவில் இருந்தபோது அவர் விமானி, டவ்வில் ஏறியதும் பஸ் டிரைவர் என்று சொல்ல எந்த மீசைக்காரருக்காவது வாய் வருமா?

என் தலைமுறைக்கு ஒரு வியாதி உண்டு. நாம் பட்ட கஷ்டத்தையெல்லாம் தகுதிச் சான்றிதழாக மாற்றிக்கொள்வது. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம், அதனால் அறிவாளிகள். நானும் தாய்மொழி தமிழாக இருக்க, கணக்கையும் பூகோளத்தையும் பிரெஞ்சில் படித்தேன். அதில் எனக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என்னோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கணக்கு வராமல் இல்லை, மொழி புரியாமல் நின்றுபோனார்கள் என்பது எனக்குத் தெரியும். கரையேறியவன் ஆற்றைப் புகழ்வான். முழுகியவனிடம் கேட்க முடியாது. 'அந்தக் காலத்து விமானிகள்' என்று நாம் கைதட்டுவது கரையேறியவர்களுக்கு மட்டும்.

இதெல்லாம் சங்கரன்கோவிலில் உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கு எதற்கு என்கிறீர்களா? பக்கத்துக் கோவில்பட்டியில் ஒரு பழைய ஓடுபாதை இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர அரசு முயல்வதாகப் பத்திரிகையில் படித்தேன். வந்தால் நம் பிள்ளைகள் சேர்வார்கள். தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண் ஒருத்தி, பல லட்சம் கடனில், அங்கே தனியாகப் பறக்கும் நாள் வரும். எப்பேர்ப்பட்ட காற்றில் என்று நினைத்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் வீட்டுக் கதவுகளை என்ன பாடு படுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரியும். காற்றாலைகளைச் சோதிப்பதற்கென்றே கயத்தாறில் மத்திய அரசின் நிலையம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் அவள் விமானம் ஓடுபாதையை விட்டு ஒரு முழம் விலகினால் போதும். 'மாணவி சரியாக இயக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடலாம். கடன் அவள் தலையில். வாக்கியமும் அவள் தலையில். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது" என்று இன்னொரு வரி சேர்ப்பார்கள்.

ஆகவே வரப்போகிற பள்ளிக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். காரணம் என்ற கட்டத்தை ஒரு பக்கம் அகலமாக்குங்கள். அன்றைக்குக் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம்? ஓடுபாதை எந்தத் திசை, எவ்வளவு அகலம்? அந்த மாணவிக்குக் குறுக்குக் காற்றில் இறக்கக் கற்றுக்கொடுத்தது எத்தனை முறை, எந்தத் தேதியில்? அன்று அவளைத் தனியாக அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவர் யார்? விமானத்தின் சக்கரம் எங்கே இருந்தது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிய பிறகும் அவள் கையில் பிழை மிச்சமிருந்தால், அதைத் தாராளமாக எழுதுங்கள். நான் ஆட்சேபிக்க மாட்டேன். வால் சக்கர விமானம் ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தனிப் பயிற்சி கொடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வீரத்தைச் சோதிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

படம் பார்க்கிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு சின்ன விமானம் தரையில் ராட்டினம் சுற்றுவதைப் பார்த்தால், சிரிப்பதற்கு முன்னால் படத்தைக் கொஞ்சம் நிறுத்தி, மூன்றாவது சக்கரம் மூக்கில் இருக்கிறதா, வாலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.